வாசகர் கேள்வி பதில்: தோல் உறைக்கு முதல் தரையைப் பாருங்கள்

இந்த முறை பக்கம் முழுவதும் பழைய ரேஞ்ச் ரோவரின் உள்பக்கம்தான். வந்த கடிதங்கள் அப்படி. 1970 ஜூனில் வெளிவந்து 1996 வரை செய்யப்பட்ட முதல் தலைமுறை வண்டியைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். "கிளாசிக்" என்ற பெயர் அதற்குப் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ஒருவர் மட்டும் டொயோட்டா பக்கம் போகலாமா என்கிறார்.

கேள்வி: நாலு கதவு ரேஞ்ச் ரோவர் வாங்கப் பார்க்கிறேன். இதுவரை மூன்று வண்டி பார்த்துவிட்டேன். மூன்றுக்கும் டாஷ்போர்ட் வேறு வேறு. உள்பக்கத்தை வைத்துப் பார்த்தால் எந்த ஆண்டு வண்டி நல்லது?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: மூன்றும் வேறாகத்தான் இருக்கும். அத்தனை வருட உற்பத்தியில் உள்பக்கம் மூன்று முகம் கண்டது.

முதலாவது, 1970 முதல் எண்பதுகளின் நடுப்பகுதி வரை. ஆரம்ப வண்டிகளில் ஆசனம் பிவிசி, தரையில் இறப்பர் விரிப்பு. சேற்றுக்காலோடு ஏறலாம், மாலையில் குழாயைப் பிடித்துக் கழுவலாம் என்று எண்ணியே செய்தார்கள். சொகுசு என்ற பேச்சு பின்னால்தான் வந்தது. தொழிற்சாலையிலிருந்து நாலு கதவு வண்டி வந்தது 1981 இல். அதற்கு முந்திய இரண்டு கதவு வண்டி யாராவது காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள்: முன் ஆசனத்தின் இருக்கைப் பட்டி ஆசனச் சட்டத்திலேயே பொருத்தப்பட்டது. அந்த ஆசனத்தைக் கழற்றிவிட்டு வேறு வண்டியின் ஆசனத்தைப் போட்டிருந்தால், பட்டியை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

இரண்டாவது, அதிலிருந்து 1994 இன் முற்பகுதி வரை. கடினமான பிளாஸ்ரிக் டாஷ்போர்ட், அதன் மேல் பெட்டி மாதிரி மீற்றர் கூடு. வோக் (Vogue) என்ற உயர்தர வகையில் கதவு ஓரங்களில் அலங்கார மரப்பட்டை இருக்கும். 1988 இல் வந்த வோக் எஸ்ஈ வகையில் தோல் ஆசனமும் மோட்டாரால் அசையும் முன் ஆசனங்களும் சேர்ந்தன. மூன்றாவது, 1994 முதல் 1996 வரை வந்த "சொஃப்ட் டாஷ்". அதே கம்பனியின் டிஸ்கவரி வண்டியின் டாஷ்போர்ட்டோடு உறவுள்ளது, காற்றுப்பை உண்டு, ஏசிக் காற்று முகத்துக்கு நன்றாக வரும்.

தினமும் கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் சொஃப்ட் டாஷ் இதமானது. ஆனால் நீங்களே கழற்றிப் பூட்டக்கூடியவர் என்றால் இரண்டாவது காலத்து வண்டி, அதிலும் 1989 க்குப் பிந்திய 3.9 லீற்றர் எஞ்சின் உள்ளது, கூடுதல் வசதி. அதன் டாஷ்போர்ட் திருகாணிகளால் பூட்டியது. காற்றுப்பையின் வயரைத் தொடும் பயமும் இல்லை. சொஃப்ட் டாஷில் ஸ்டீயரிங் பக்கம் கை வைப்பதற்கு முன் பற்றரியின் இரண்டு முனையையும் கழற்றிப் பத்து நிமிடமாவது விட வேண்டும்.

ஆண்டை விட முக்கியமானது, உள்பக்கம் முழுமையாக இருக்கிறதா என்பது. ஆசனம் கிழிந்திருப்பது குறையே அல்ல. கிழிந்த உறையை வைத்துப் புதியது வெட்டலாம். குறை என்பது இல்லாத சாமான்: ஆசனத்தின் பக்கப் பிளாஸ்ரிக் மூடி, இருக்கைப் பட்டித் தூணின் உறை, நடுப்பெட்டியின் மூடி, காற்று வரும் வாய்களின் சிறு இதழ்கள், ஸ்பீக்கர் வலை, பின்பக்கச் சாமான் மூடி. இவை பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் ஜப்பான் வண்டிக்குக் கிடைப்பது போலக் கிடைக்கமாட்டா. ஒவ்வொன்றாக இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தால், தபாலும் தீர்வையும் சேர்ந்து ஒரு கைப்பிடிப் பிளாஸ்ரிக் ஒரு முழுத்தோலின் விலைக்கு வந்து நிற்கும். வண்டி பார்க்கப் போகும்போது ஒரு கொப்பியில் முன்னிருந்து பின்னாக எழுதிக்கொண்டு வாருங்கள். விலை பேசும்போது அந்தக் கொப்பி உதவும்.

இன்னொன்று. 1987 முதல் அமெரிக்காவிலும் இந்த வண்டி விற்றார்கள். அங்கிருந்து இணையத்தில் உள்பக்கச் சாமான் மலிவாக வரும். அவை இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியின் சாமான். ஆசனத் தலையணை, கூரை விளக்கு போன்றவை பரவாயில்லை. டாஷ்போர்ட் துண்டு எதுவும் நமது வண்டிக்குச் சேராது. இங்கிலாந்து, அவுஸ்திரேலியா சாமானைத் தேடுங்கள்.

கேள்வி: முன் பயணி பக்கத்துக் காபற் எப்போதும் ஈரம். கதவு இறப்பர் இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. புதுக் காபற் போடலாம் என்று குஷன்காரர் சொல்கிறார். போடவா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: போடாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போட்ட காபற் அடுத்த ஒக்டோபர் மழையோடு நாறும். அதற்குக் கீழே நடப்பது அதைவிட மோசம்.

இந்த வண்டியின் வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியம். உள்ளே தாங்கி நிற்கும் கூடும் தளமும் இரும்பு. வெளியே பெயின்ற் பளபளக்க, உள்ளே கறள் சத்தமில்லாமல் தின்னும். இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு வேகம் பிடிக்கும். கடலோரத்தில் நிறுத்தும் வண்டிக்கு இது சும்மா சொல்லும் கதையல்ல.

முதலில் ஈரத்தின் தன்மையைப் பாருங்கள். மழை இல்லாத நாளிலும் ஏசி போட்ட பிறகு தெளிந்த, குளிர்ந்த தண்ணீர் சேர்ந்தால், அது ஏசி ஆவியாக்கியின் வடிகுழாய் அடைபட்டது. விரலில் வழுவழுப்பாகவும் இனிப்பு வாசத்தோடும் இருந்து, முன் கண்ணாடியும் உட்புறம் புகைபடிந்தது போல மங்கினால், ஹீற்றர் ரேடியேற்றர் ஒழுகுகிறது, அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். அதை மாற்ற டாஷ்போர்ட்டைத் தளர்த்த வேண்டும், ஆகவே டாஷ்போர்ட் வேலை ஏதாவது இருந்தால் அதோடு சேர்த்துச் செய்யுங்கள். மழைக்குப் பின் மட்டும் ஈரம் என்றால் மழைத்தண்ணீர்.

மழைத்தண்ணீர் வரும் வழிகள்: முன் கண்ணாடி இறப்பரின் கீழ்மூலை, முன் கண்ணாடிக்கு அடியில் காற்று எடுக்கும் பகுதியின் பொருத்து, சன்ரூஃப், கதவின் உள்ளே இருக்கும் பொலித்தீன் மறைப்பு. கதவு இறப்பரை மாற்றியும் நிற்கவில்லை என்றால் கடைசி இரண்டிலும் எனக்குச் சந்தேகம். யன்னல் கண்ணாடியோடு கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது கதவின் அடித்துளைகளால் வெளியே போக வேண்டும். ஸ்பீக்கர் பூட்டியவர் பொலித்தீனைக் கிழித்துவிட்டுப் போயிருந்தால் தண்ணீர் கதவுப் பலகையில் பட்டு உள்ளே வழியும். கதவுப் பலகையின் கீழ்விளிம்பு ஊதி, பிஸ்கற் போல உதிர்கிறதா பாருங்கள். உதிர்ந்தால் காரணம் அதுதான். தடித்த பொலித்தீனை வெட்டி, காய்ந்து இறுகாத பியூட்டைல் நாடாவால் சுற்றிவர ஒட்டினால் போதும். சிலிக்கோன் வேண்டாம்; அடுத்த முறை கழற்றும்போது பலகையோடு பிய்ந்து வரும்.

சன்ரூஃப் தட்டின் மூலைகளிலிருந்து குழாய்கள் தூண்களுக்குள்ளால் கீழே இறங்குகின்றன. ஒவ்வொரு மூலையிலும் அரைக் கோப்பைத் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் தடித்த தங்கூசியை மேலிருந்து விட்டு முன்னும் பின்னும் அசையுங்கள். கராஜில் காற்றடித்துத் துப்புரவாக்க விடாதீர்கள். அழுத்தத்தில் குழாய் தன் மூக்கிலிருந்து கழன்றால், அதுவரை அடைபட்டிருந்த தண்ணீர் முழுவதும் தூணுக்குள்ளேயே கொட்டும்.

இன்னும் பிடிபடவில்லையா, தளத்தைத் துடைத்துக் காயவிட்டு, சந்தேகமான பொருத்துகளில் உட்புறமாகப் பவுடர் தூவி, ஒருவர் டோர்ச்சோடு உள்ளே இருக்க, மற்றவர் தண்ணீர் விடட்டும். கீழிருந்து மேலாக, ஓர் இடத்துக்குப் பத்து நிமிடம். கூரையில் தொடங்கினால் எல்லாம் நனைந்து ஒன்றும் விளங்காது. பவுடரில் கோடு விழும் இடம்தான் வழி.

வழி அடைபட்ட பிறகு காபற்றையும் அடியிலுள்ள கம்பளி விரிப்பையும் எடுத்து எறியுங்கள். திருப்புளியின் பிடியால் தளத்தைத் தட்டுங்கள். மந்தமாகச் சத்தம் வரும் இடத்தில் இரும்பு இல்லை, பழைய பூச்சு மட்டும் நிற்கிறது. முன் தளம் மேலே வளையும் இடம், ஆசனத்தின் அடிப்பெட்டி, பின்பக்கச் சாமான் தளத்தின் விளிம்பு, இருக்கைப் பட்டி ஆணி இறங்கும் இடங்கள் ஆகியவற்றைத் தட்டாமல் விடாதீர்கள். மேல் பின்கதவின் சட்டமும் கறளுக்குப் பேர்போனது. அது போனால் பின்தளமும் தொடர்ந்து போகும். ஓட்டை இருந்தால் வெட்டிப் புதுத்தகடு வைத்து வெல்டிங். மேலே கண்ணாடி நார்த் துணி ஒட்டி மூடுவது இருக்கைப் பட்டி இருக்கும் இடத்தில் உயிரோடு விளையாட்டு. ஓட்டை இல்லாத கறளுக்குக் கம்பிப் பிரஷ், பிறகு கறளை மாற்றும் இரசாயனம், இரண்டு பூச்சு எபொக்சி பிரைமர், அதன் மேல் பொருத்துகளுக்குப் பொலியூரித்தேன் சீலர், கடைசியில் பெயின்ற். சீலரைப் பிரைமருக்குக் கீழே வெறும் இரும்பில் இழுத்தால் அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். இந்த ஒழுங்கை மாற்றும் ஆட்கள்தான் அதிகம்.

கேள்வி: கூரைத் துணி தொங்கித் தலையில் முட்டுகிறது. ஊசி குத்திப் பார்த்தோம், பசை செலுத்தியும் பார்த்தோம். நிற்கவில்லை.
வாசகர், தெஹிவளை

பதில்: நிற்காது. துணிக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய ஸ்பொஞ்ச் ஒன்று இருக்கிறது. தொங்குவது துணியின் பிழையல்ல, அந்த ஸ்பொஞ்ச் வெப்பத்தில் மாவாகிவிட்டது. மாவில் எந்தப் பசையும் பிடிக்காது.

பலகை ஒரே துண்டு. சூரிய மறைப்புகள், கைப்பிடிகள், விளக்குகள், சன்ரூஃப் ஓரச் சட்டம், தூண்களின் மேல் உறைகள் எல்லாம் கழன்ற பிறகு, முன் ஆசனங்களை முழுக்கச் சாய்த்து, பின்கதவு வழியாக இரண்டு பேர் எடுக்க வேண்டும். வளைத்து எடுக்கலாம் என்று பார்த்தால் வெடித்துவிடும்; வெடித்த பலகை துணிக்கு மேலாலும் தெரியும்.

வெளியே வைத்து, முகமூடி கட்டிக்கொண்டு, நைலோன் பிரஷால் பழைய ஸ்பொஞ்சை ஒரு துகள் விடாமல் தேய்த்து எடுங்கள். வேலையில் பாதி இதுதான், அவசரப்படுவதும் இதில்தான். பின்னால் 3 மில்லிமீற்றர் ஸ்பொஞ்ச் ஒட்டிய கூரைத் துணி, 1.5 மீற்றர் அகலத்தில் 3 மீற்றர் வாங்கினால் சூரிய மறைப்புக்கும் மிஞ்சும். ஸ்பொஞ்ச் இல்லாத சாதாரணத் துணி மலிவு, ஆனால் பலகையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும்.

பசை வெப்பம் தாங்குவதாக இருக்க வேண்டும். சப்பாத்துக்குப் பூசும் பசை வெயிலில் நின்ற வண்டியின் கூரைச் சூட்டில் இளகி, ஓரிரு மாதத்தில் வீட்டுக்கு வந்த விருந்தாளி போலத் துணி இறங்கி உட்காரும். பலகைக்கு இரண்டு பூச்சு, துணிக்கு ஒரு பூச்சு. விரல் வைத்தால் ஒட்டி, ஆனால் பசை விரலோடு வராத பதத்தில் ஒட்டுங்கள். துணியைப் பாதியாக மடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டு போங்கள். அழுத்தி உருட்டினால் ஸ்பொஞ்ச் அமுங்கிய இடம் தழும்பாக நிற்கும். சுற்றிவர 5 சென்ரிமீற்றர் மடிப்புக்கு விடுங்கள். ஒரு நாள் கழித்துப் பூட்டலாம். பலகை வெளியே இருக்கும்போது சன்ரூஃப் குழாய்கள் கண்முன்னே தெரியும். பார்க்காமல் மூடாதீர்கள்.

கேள்வி: ஆசனம் ஐந்துக்கும் புது உறை போட வேண்டும். உண்மைத்தோலா, ரெக்சினா? கொழும்பு வெக்கைக்கு எது? எவ்வளவு வாங்க வேண்டும்?
வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: எதையும் வாங்குவதற்கு முன், இப்போதிருக்கும் தோலைப் பாருங்கள். தையல் உறுதியாக இருந்து, மேல் நிறம் மட்டும் வெடித்துத் தேய்ந்திருந்தால் உறை மாற்றத் தேவையில்லை. நன்றாகக் கழுவி, எண்ணெய்ப்பசை போக்கி, மெல்லிய உப்புத்தாளால் மேற்பூச்சைச் சற்று உரசி, வெடிப்புகளுக்குத் தோல் நிரப்பும் பசை தடவி, தண்ணீரில் கரையும் தோல் நிறத்தை மூன்று நாலு மெல்லிய பூச்சாக அடித்து, மேலே தெளிந்த காப்புப் பூச்சு கொடுத்தால் இன்னும் பல வருடம் ஓடும். தடித்த ஒரே பூச்சாக அடித்தால் உட்கார்ந்த முதல் வாரமே மடிப்பில் வெடிக்கும். தோலைக் கிள்ளிப் பார்க்கும்போது கடதாசி மாதிரி கிழிந்தால் மட்டும் மாற்றுங்கள்.

மாற்றுவதென்றால், எனது வாக்கு கலப்புக்கு: உடம்பு படும் முகப்புக்குத் தோல், பக்கங்களுக்கும் முதுகுக்கும் நல்ல ரெக்சின். இது கஞ்சத்தனம் அல்ல, தொழிற்சாலைகளே செய்யும் முறை. முழு ரெக்சின் ஆசனத்தில் இந்த வெக்கையில் முதுகு வேர்த்து ஒட்டும். முழுத்தோலில் காற்றுப் படாத பின்பக்கமெல்லாம் பூஞ்சணத்துக்கு விருந்து.

தோல் 1.0 முதல் 1.2 மில்லிமீற்றர் தடிப்பு. சப்பாத்து, பை செய்யும் தோல் இதற்கு ஆகாது. வாகனத்துக்கென மேற்பூச்சு இட்டதாக இருக்க வேண்டும். ஒரு முழு மாட்டுத்தோல் ஏறக்குறைய 5 சதுர மீற்றர் வரும், ஆனால் தழும்பும் வயிற்றுப்பகுதியும் கழிவாகும். ஆசனங்கள் எல்லாம் முழுத்தோல் என்றால் 4 தோல். கதவுப் பலகையும் நடுப்பெட்டியும் சேர்த்தால் 5. எல்லாவற்றையும் ஒரே சாயத் தொகுதியில், ஒரே தரத்தில் வாங்குங்கள். பிறகு ஒரு துண்டு வாங்கினால் நிறம் ஒருபோதும் ஒத்துவராது.

ஸ்பொஞ்சைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முப்பது வருட ஸ்பொஞ்சின் மேல் புதுத்தோல் இழுத்தால் மூன்று மாதத்தில் சுருங்கல் விழும், குஷன்காரருக்குத் திட்டு விழும். அமரும் பகுதிக்குக் கனமீற்றருக்கு 50 கிலோ அடர்த்தி, சாயும் பகுதிக்கு 35 முதல் 40 வரை போதும். கட்டில் மெத்தை ஸ்பொஞ்சை வெட்டி அடைக்கும் வேலையை அனுமதிக்க வேண்டாம். ஸ்பொஞ்சுக்குக் கீழே தாங்குவது இறப்பர் விரிப்போ கம்பி ஸ்பிரிங்கோ, அது தொய்ந்திருந்தால் மேலே எதைப் போட்டும் பயனில்லை. முதலில் அதை மாற்றுங்கள்.

நூலும் முக்கியம். பருத்தி நூல் வியர்வையில் உக்கிப்போகும். ஒட்டுப்பூச்சிட்ட பொலியெஸ்டர் நூல், உள் தையலுக்கு 40 ஆம் இலக்கம், வெளியே தெரியும் இரட்டைத் தையலுக்கு 20. தையல் ஒன்றின் நீளம் 4 மில்லிமீற்றர். அதைவிட நெருக்கினால் ஊசித்துளை வரிசையே தோலைக் கிழிக்கும் கோடாகிவிடும்.

குஷன்காரரிடம் ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: ஒரே நாளில் ஐந்தையும் பிரிக்கக் கூடாது. ஓட்டுனர் ஆசனத்தை மட்டும் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எண்ணும் மேல் கீழ் அடையாளமும் போட்டு, புதியதைத் தைத்துப் பூட்டிக் காட்டட்டும். பயணி ஆசனம் பிரிக்காமல் இருந்தால்தான் எது எங்கே வரும் என்று சந்தேகம் வரும்போது பார்க்கலாம். உறையை இழுத்துப் பிடிக்கும் கம்பி வளையங்களுக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் கட்டுநாடா போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெப்பத்தில் அறுந்து, பள்ளங்கள் எல்லாம் மேடாகும். பழைய உறையை வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். அது உங்கள் அச்சு.

கேள்வி: தோல் ஆசனத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசினால் மெதுமையாகும் என்கிறார்கள். உண்மையா?
வாசகர், மட்டக்குளி

பதில்: ஒரு கிழமைக்கு உண்மை. பிறகு தூசு ஒட்டும், பூஞ்சணம் வரும், வெள்ளைச் சேட்டில் கறை வரும். எண்ணெய் ஊறிய தோலில் பின்பு நிறப்பூச்சும் பிடிக்காது. மேற்பூச்சு உள்ள தோலுக்குத் தேவையானது ஈரத்துணியும் மெல்லிய சவர்க்காரமும்தான். தலைக்கு வைக்கும் எண்ணெய் தலையிலிருந்து ஆசனத்துக்குப் போவதே போதும் போதும் என்றிருக்கிறது; அதற்குத் தலையணைக்கு ஒரு துணி உறை போடுங்கள்.

கேள்வி: வோக் எஸ்ஈ வண்டி. ஓட்டுனர் ஆசனம் முன்னுக்குப் போகும், பின்னுக்கு வராது. மோட்டார் மாற்றச் சொல்கிறார்கள்.
வாசகர், கல்கிசை

பதில்: ஒரு பக்கம் வேலை செய்கிறது என்றால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. சுவிட்சைப் பாருங்கள். உள்ளே செப்புத் தொடுகைகள் பச்சையாகப் படிந்திருக்கும். கழற்றிக் கொன்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய கடதாசியால் தேய்த்தால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் ரிலேயும் ஆசனத்துக்கு அடியிலுள்ள இணைப்பிகளும். தளம் ஈரமாக இருந்த வண்டியில் அந்த இணைப்பிகள் எப்படியும் பச்சையாகித்தான் இருக்கும்.

மோட்டார் சுழலும் சத்தம் கேட்டும் ஆசனம் அசையவில்லை என்றால் அது வேறு நோய்: மோட்டாரிலிருந்து பல்லுப்பெட்டிக்குப் போகும் வளையும் கேபிளின் நுனி தேய்ந்து வழுக்குகிறது. கேபிளின் வெளி உறையில் சில மில்லிமீற்றர் வெட்டினால் உள்கம்பி கொஞ்சம் ஆழமாக இறங்கிப் பிடிக்கும். செலவில்லாத வைத்தியம். எஞ்சினை நிறுத்திவிட்டு, தளர்ந்த பற்றரியில் பரிசோதிக்க வேண்டாம். எல்லாமே பழுது போலத் தெரியும்.

கேள்வி: சத்தமும் சூடும் தாங்கவில்லை. கியர் பெட்டிக்கு மேலே கால் வைக்க முடியவில்லை. கூரைக்கு அடிக்கும் தார்த்தாளைத் தரை முழுக்க ஒட்டலாமா?
வாசகர், வத்தளை

பதில்: தார்த்தாள் வெயிலில் இளகி மணக்கும். அலுமினியத் தாள் பூசிய பியூட்டைல் விரிப்பு, 2 மில்லிமீற்றர். இதைத் தரை முழுக்க ஒட்டத் தேவையில்லை. தகட்டின் அதிர்வை நிறுத்துவதே இதன் வேலை, அதற்குப் பரப்பில் கால்வாசி முதல் மூன்றிலொரு பங்கு வரை போதும். தட்டினால் "டங்" என்று வருவது "தொப்" என்று மாறினால் நிறுத்துங்கள். தளத்துக்கும் கதவுகளுக்கும் 4 முதல் 5 சதுர மீற்றர் வாங்கலாம்.

சூட்டுக்கு அது மருந்தல்ல. அதன் மேல் மூடிய கண்ணறை ஸ்பொஞ்ச், 6 முதல் 10 மில்லிமீற்றர், தண்ணீர் உறிஞ்சாத வகை. கம்பளி விரிப்பு சத்தத்துக்கு நல்லதுதான், இங்கே மழைக்கு ஆகாது. இதற்கெல்லாம் முதல் கியர் கம்பிகளைச் சுற்றியுள்ள இறப்பர் உறைகளைப் பாருங்கள். அவை கிழிந்திருந்தால் அடியிலிருந்து சூடும் சத்தமும் நேராக மேலே வரும். உங்கள் வண்டியில் அதுவாகத்தான் இருக்கும். கியர் பெட்டிக்கு மேலுள்ள தகடு திருகாணியால் கழற்றக்கூடியது. அதன் பொருத்துக்கு மேலாக விரிப்பை ஒட்டி மூடிவிட்டால், அடுத்த கியர் வேலையில் எல்லாவற்றையும் கிழிக்க வேண்டியிருக்கும். கதவின் அடித்துளைகளையும் மூடாதீர்கள்.

கேள்வி: பத்து அங்குலத் திரை ஒன்று பூட்ட ஆசை. டாஷ்போர்ட்டை வெட்ட வேண்டும் என்கிறார்கள்.
வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: வெட்டாதீர்கள். வெட்டாத டாஷ்போர்ட்டுக்குத்தான் பின்னாளில் விலை. ஒற்றை டின் அளவில், அதாவது 180 க்கு 50 மில்லிமீற்றர் முகப்பில், புளூடூத் உள்ள ரேடியோக்கள் பழைய தோற்றத்திலேயே வருகின்றன. வழிகாட்டித் திரைக்குத் தொலைபேசித் தாங்கி போதும்.

திரையை விட எனக்கு வயர்தான் கவலை. முந்திய சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் ரேடியோ, அலாரம், விளக்கு என்று நாடா சுற்றி விட்டுப்போன வயர்கள் டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் கொத்தாக இருக்கும். உபயோகம் இல்லாததை எல்லாம் அகற்றுங்கள். புதிய இணைப்பு ஒவ்வொன்றுக்கும் பற்றரிப் பக்கமாகத் தனி ஃபியூஸ். வேலை முடிந்து, எல்லாம் அணைத்து, கதவு மூடி அரை மணி நேரம் கழித்து மீற்றரால் பற்றரி இழுவையை அளவுங்கள். 50 மில்லி அம்பியருக்கு மேல் இழுத்தால் எதுவோ உறங்கவில்லை. ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பிடிபடும்.

கேள்வி: கதவு மரப்பட்டையின் பளபளப்பு வெடித்து வெள்ளையாகிவிட்டது.
வாசகர், பொரளை

பதில்: மரம் அல்ல, மேலுள்ள லாக்கர் வெடித்தது. மொரட்டுவையில் தளபாட வேலை தெரிந்த நல்ல கை ஒன்றிடம் கொடுங்கள், ஆனால் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்: மேலே இருப்பது மில்லிமீற்றரும் இல்லாத மெல்லிய மர ஏடு, வீட்டுக் கதவுப் பலகை அல்ல. இயந்திர உப்புத்தாள் பட்டால் ஏடு போய்விடும். லாக்கரைச் சூடு காட்டியோ இரசாயனத்தாலோ இளக்கிச் சுரண்டி, இரு பகுதி பொலியூரித்தேன் தெளிபூச்சு பல தடவை அடித்து, 1200 தொடக்கம் 2000 வரை ஈர உப்புத்தாளால் கையால் தேய்த்து மெருகிட வேண்டும். ஒரு துண்டு மட்டும் செய்தால் மற்றவை பழுப்பாய்த் தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுங்கள்.

கேள்வி: பின்னால் இரண்டு சிறு ஆசனம் பூட்டி ஏழு பேர் போகலாமா?
வாசகர், ஜா-எல

பதில்: பதிவுச் சான்றிதழில் ஆசன எண்ணிக்கை எழுதியிருக்கிறது. மாற்றுவதற்கு முன் நாரஹேன்பிட்டியில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உங்கள் காப்புறுதிக்காரரிடமும் கேளுங்கள். பிறகு பின்தளத்தின் இரும்பைப் பாருங்கள். பட்டி இல்லாத ஆசனத்தில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

கேள்வி: இதையெல்லாம் வாசித்துப் பார்த்தால் டொயோட்டா லாண்ட் குரூசர் 80 வாங்குவது புத்தியோ என்று தோன்றுகிறது. வீஎக்ஸ் வகை ஒன்று விலைக்கு இருக்கிறது.
வாசகர், கிருலப்பனை

பதில்: உள்பக்கம் தொல்லை தரக் கூடாது என்பது மட்டும்தான் அளவுகோல் என்றால், ஆம். 1990 இல் வந்த 80 தொடரின் பிளாஸ்ரிக் இன்றைக்கும் இறுக்கம், சுவிட்சுகள் சாவதில்லை, கழற்றிய சாமான் பஞ்சிகாவத்தையிலும் தெல்கந்தையிலும் தேடிப் பிடிக்கலாம். பார்க்க வேண்டியவை ஓட்டுனர் ஆசனத்தின் வெளி ஓர ஸ்பொஞ்ச், வெயிலில் வெடித்த டாஷ்போர்ட் மேற்பரப்பு, பின் ஏசிக் குழாய்களின் கறள், சன்ரூஃப் குழாய்கள். ஆனால் ரேஞ்ச் ரோவரில் உட்கார்ந்து, தாழ்ந்த யன்னல் விளிம்புக்கு மேலால் நாலு மூலையும் தெரியப் பார்த்த பிறகும் இதே கேள்வியைக் கேட்பீர்களா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: மகளிடம் கனடாவுக்கு மூன்று மாதம் போகிறோம். போன முறை வந்து கதவைத் திறந்தபோது ஆசனமெல்லாம் பச்சை. சாம்பிராணிப் புகை போட்டும் மணம் போகவில்லை.
வாசகர், கொழும்பு 6

பதில்: சாம்பிராணி மணத்தோடு மணமாகச் சேர்ந்ததுதான் மிச்சம். பூஞ்சணத்துக்கு வேண்டியது ஈரமும் அடைபட்ட காற்றும்; இரண்டையும் பறியுங்கள்.

போவதற்கு ஒரு கிழமை முன் காபற்றைத் தூக்கி, தளம் கைக்குக் காய்ந்ததாக இருக்கிறதா பாருங்கள். ஆசனம், ஸ்டீயரிங், கதவுப் பிடி எல்லாம் மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, உலர்துணியால் துடையுங்கள். பூஞ்சணம் தின்பது தோலை விட அதன் மேலிருக்கும் வியர்வையையும் எண்ணெய்ப்பசையையும். தளத்தில் கல்சியம் குளோரைட் ஈரம் உறிஞ்சும் பெட்டி இரண்டு வையுங்கள், ஆனால் ஆசனத்தின் மேல் வேண்டாம். நிறைந்து கவிழ்ந்தால் அந்த உப்புத்தண்ணீர் தோலையும் இரும்பையும் கெடுக்கும். கூரையுள்ள இடமென்றால் யன்னல்களை ஒரு விரல் இடைவெளி விட்டு, எலி வராமல் வலை வைத்து அடையுங்கள். பிளாஸ்ரிக் மூடி போடக் கூடாது, பருத்தித் துணி மூடி போதும். பற்றரியின் எதிர் (−) முனையைக் கழற்றுங்கள்.

சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, இரண்டு கிழமைக்கு ஒரு தரம், வெயில் நாளில், நாலு கதவும் பின்கதவும் இரண்டு மணி நேரம் திறந்துவைத்து, பெட்டியில் சேர்ந்த தண்ணீரை ஊற்றிவிடச் சொல்லுங்கள். பூஞ்சணம் ஏற்கனவே வந்த ஆசனத்தை வெளியே கழற்றித்தான் துடைக்க வேண்டும். வண்டிக்குள் வைத்துத் தேய்த்தால் அது கூரைத் துணிக்கும் பரவும்.